அகலக்கால்

அமெரிக்காவில் ஒரு தொழில் இருக்கிறது. ஹேண்டிகேப்பர் என்று பெயர். விளையாடத் தெரிய வேண்டாம். பந்தைத் தொட்டிருக்கக்கூட வேண்டாம். நாளைக்கு நடக்கப்போகிற ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள், எத்தனை பாயிண்ட்டில் ஜெயிப்பார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும். புக்கியும் ஒரு கணக்குச் சொல்லியிருப்பார். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் பணம் கட்டவேண்டும். ஒத்துப்போனால் கையைக் கட்டிக்கொண்டு டி.வி. பார்க்கவேண்டும்.

கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? இதில் கடைசி வரிதான் ரொம்பக் கஷ்டம்.

இந்தத் தொழிலின் சூப்பர் ஸ்டார் பில்லி வால்டர்ஸ். 1946-ல் கென்டக்கி மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா இல்லை, பாட்டி வளர்த்த பிள்ளை. ஒன்பது வயதில் பேப்பர் போட்டுச் சம்பாதித்த காசை பேஸ்பால் பந்தயத்தில் கட்டித் தோற்றார். பிறகு பழைய கார் வியாபாரம், 1982-ல் லாஸ்வேகாஸ், கம்ப்யூட்டர் வைத்துப் பந்தயம் கட்டிய முதல் கோஷ்டியோடு கூட்டு, கோடி கோடியாகப் பணம். 2017-ல் பங்குச்சந்தை உள்தகவல் வழக்கில் ஐந்து வருட ஜெயில் தண்டனை. 2021 ஜனவரியில், பதவியை விட்டு இறங்கும் நாளில், டிரம்ப் அந்தத் தண்டனையைக் குறைத்தார். தமிழில் யாராவது படம் எடுத்தால் இடைவேளைக்கு முன்பே மூன்று ஃபைட் வைக்கலாம்.

இவர் 2023-ல், ஆர்மென் கெட்டேயன் என்ற பத்திரிகையாளர் துணையோடு, 'கேம்ப்ளர்' என்று தன் கதையைப் புத்தகமாக எழுதினார். தொடர்ந்து 36 வருடம் லாபம் பார்த்தவர் என்று பதிப்பகம் விளம்பரம் செய்தது. அப்படிப்பட்டவர் கடைசியில் 'வா தம்பி, தொழிலைச் சொல்லித் தருகிறேன்' என்று உட்கார வைத்தால் யார்தான் படிக்கமாட்டார்கள்?

பழைய பகை தீர்க்கும் பக்கங்களும், கேஸ் போட்டவர்கள் மேல் பாயும் பக்கங்களும் நிறைய. அதெல்லாம் அவர் பாடு. நமக்கு முக்கியம் அந்தத் தொழில் பாடம். அதில் இரண்டு விஷயங்கள் அருமை.

முதலாவது, அணிகளுக்கு அவர் மார்க் போடுகிற விதம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அதைத் திருத்துகிறார். எப்படி? பழைய மதிப்பெண்ணுக்கு 90 சதவிகிதம், நேற்றைய ஆட்டத்துக்கு 10 சதவிகிதம். நேற்று ஒரு அணி பிய்த்து உதறிவிட்டது என்று ஊரே கூத்தாடினாலும் இவர் தன் அபிப்பிராயத்தில் பத்தில் ஒரு பங்குதான் மாற்றிக்கொள்வார். மாமியார் மருமகள் விவகாரத்தில்கூட இந்த ஃபார்முலாவைப் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது, பணம் பிரிக்கும் முறை. கைமுதலில் ஒரு சதவிகிதம் என்பது ஒரு ஸ்டார். ஆட்டத்தில் எவ்வளவு நம்பிக்கையோ அதற்கேற்ப அரை ஸ்டாரிலிருந்து மூன்று ஸ்டார் வரை. அதற்கு மேல் போகக்கூடாது. பந்தயக்காரன் அழிவது தப்பான கணிப்பால் அல்ல, சரியான கணிப்பில் தப்பான தொகையைக் கட்டுவதால் என்பதைத் தெரிந்தவரின் விதி இது. பேங்க் மேனேஜர் யாராவது படித்தால் கண் கலங்குவார்.

ஆனால் அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஒரு ஆட்டத்துக்கு மூன்று சதவிகிதம், சரி. ஒரு வாரத்துக்கு எவ்வளவு? ஒரு மாதத்துக்கு? ஒரே நேரத்தில் நான்கு விளையாட்டு நடக்கும்போது?

புத்தகத்தின் கனம் முழுக்க முதல் கேள்வியில் இருக்கிறது. சூத்திரங்கள் பெரும்பாலும் என்எஃப்எல் என்கிற அமெரிக்க ஃபுட்பாலைச் சுற்றியே வருகின்றன. வாசகரின் கையில் இருக்கும் செல்போனிலோ எல்லா விளையாட்டும் இருக்கிறது. புத்தகத்துக்கும் போனுக்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளியில்தான் பலர் குடிமுழுகிப் போகிறார்கள்.

* * *

அமெரிக்க விளையாட்டுக் காலண்டரை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

பேஸ்பாலில் 30 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டம். மொத்தம் 2,430. மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை லீக், அக்டோபரில் இறுதிக்கட்டம். பாஸ்கெட்பாலில், அதாவது என்பிஏவில், 30 அணிகள், ஆளுக்கு 82. மொத்தம் 1,230. அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து ஜூன் வரை ஓடும். ஐஸ் ஹாக்கியில் 2024-25 சீஸன் அட்டவணைப்படி 1,312 ஆட்டங்கள். அதுவும் அக்டோபரில்தான் ஆரம்பம். ஃபுட்பாலில் மட்டும் சிக்கனம். 32 அணிகள், ஆளுக்கு 17. மொத்தம் 272.

கூட்டிப் பாருங்கள். 5,244 ஆட்டங்கள். இதில் பிளே ஆஃப் சேர்க்கவில்லை. கல்லூரி ஃபுட்பால் சேர்க்கவில்லை. 350-க்கும் அதிகமான அணிகள் ஆடுகிற கல்லூரி பாஸ்கெட்பாலையும் சேர்க்கவில்லை.

அக்டோபர் கடைசி வாரத்தில் இந்த நான்கும் ஒரே நாளில் நடப்பதுண்டு. ரசிகனுக்கு அது தீபாவளி. ஹேண்டிகேப்பருக்கு அது ஆபத்து. நம் ஊர்க்காரர்கள் இதற்கு ஒரு அருமையான வார்த்தை வைத்திருக்கிறார்கள். அகலக்கால்.

ஒரு விளையாட்டு நன்றாகத் தெரிந்தவனுக்கு அடுத்த விளையாட்டும் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒவ்வொன்றும் கேட்கிற நேரமே வேறு மாதிரி. ஃபுட்பால் வாரத்துக்கு ஒரு தடவை பரீட்சை. அதிகபட்சம் 16 ஆட்டம். முழுசாக ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கலாம். யாருக்குக் கால் சுளுக்கு, எந்த ஊரில் காற்று, யார் வெகு தூரம் பயணம் செய்து வருகிறார்கள் எல்லாம் பார்க்கலாம். பாஸ்கெட்பால் அப்படியல்ல. தினம் ராத்திரி பரீட்சை. நேற்று ஆடிய அணி இன்றும் ஆடும். முக்கியமான ஆட்டக்காரருக்கு இன்றைக்கு ஓய்வு என்று ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால்தான் தெரியும். தெரிந்த நிமிடமே புக்கி விலையை மாற்றிவிடுவார். அந்த நேரத்தில் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் போச்சு. பேஸ்பாலில் அன்றைக்கு முதலில் பந்து எறியப்போகிறவர் யார் என்பதைப் பொறுத்து விலையே மாறும். ஆளைப் பார்க்காமல் அணியை மட்டும் பார்த்துக் கட்டுவது, டாக்டர் யாரென்று கேட்காமல் ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் நம்பி ஆபரேஷனுக்குப் படுப்பது மாதிரி.

இதைவிட நுட்பமான ஒரு சங்கடம் உண்டு. கல்லூரி பாஸ்கெட்பால் நவம்பர் முதல் வாரத்தில் ஆரம்பிக்கும். முன்னூற்றைம்பது அணிகள். பழைய மாணவர்கள் போய்விட்டார்கள், புதியவர்கள் வந்திருக்கிறார்கள். யார் எப்படி என்று புக்கிக்கே சரியாகத் தெரியாத காலம் அது. ஜனவரி வந்துவிட்டால் புக்கியும் தேறிவிடுவார். ஆக, உழைத்துப் படித்தவனுக்கு லாபம் வருகிற சமயம் நவம்பர்தான். ஆனால் நவம்பரில் ஜெயிக்க செப்டம்பர், அக்டோபரில் படித்திருக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில்தான் ஃபுட்பால் சூடு பிடிக்கிறது!

இங்கே பட்டால் அங்கே கிடைக்காது. அங்கே போனால் இங்கே கோட்டை. இரண்டிலும் இருக்கிறேன் என்பவர் ஒன்றில் அரைத் தூக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். மார்ச்சிலும் இதே கதைதான். கல்லூரி பாஸ்கெட்பாலின் கடைசிப் போட்டித்தொடர், 68 அணிகள், 67 ஆட்டங்கள், நாடே பைத்தியமாக இருக்கும். அது முடிவதற்குள் பேஸ்பால் ஆரம்பித்துவிடும்.

* * *

இந்த அரைத் தூக்கத்தின் விலை என்ன? பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதைக் கணக்காகப் போட்டால்தான் திருப்தி.

அமெரிக்கப் பந்தயத்தில் வழக்கமான விகிதம் இது: நீங்கள் 110 டாலர் கட்டினால், ஜெயித்தால் 100 டாலர் லாபம். தோற்றால் 110-ம் போகும். அந்தப் பத்து டாலர்தான் புக்கியின் பிழைப்பு. அதனால் பாதிக்குப் பாதி ஜெயித்தால் நஷ்டம். 52.38 சதவிகிதம் ஜெயித்தால்தான் கைமுதல் தப்பும். 54 சதவிகிதம் ஜெயிப்பவர் கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். கெட்டிக்காரருக்கும் தோற்பவருக்கும் நடுவில் இருப்பது அந்த ஒன்றரைச் சொச்சம் சதவிகிதம்தான்.

இப்போது ஒருவர் ஃபுட்பாலில் 200 பந்தயம் கட்டுகிறார். ஒவ்வொன்றும் 110 டாலர். நன்றாகப் படித்துவிட்டுக் கட்டுகிறார். 54 சதவிகிதம். 108 வெற்றி, வரவு 10,800. 92 தோல்வி, செலவு 10,120. லாபம் 680 டாலர்.

அதே ஆள் அதே மாதங்களில் பாஸ்கெட்பாலிலும் 200 பந்தயம் கட்டுகிறார். ஆபீஸ் விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே. அதனால் 50 சதவிகிதம்தான். 100 வெற்றி, வரவு 10,000. 100 தோல்வி, செலவு 11,000. நஷ்டம் 1,000.

மொத்தத்தில் நிகர நஷ்டம் 320.

இதில் வேடிக்கை, அவருக்குத் தான் தோற்கிற ஆள் என்று தெரியவே தெரியாது. 400-க்கு 208 ஜெயித்திருக்கிறார். 52 சதவிகிதம். 'கிட்டத்தட்ட வந்துவிட்டோம். அதிர்ஷ்டம்தான் கொஞ்சம் சரியில்லை. இன்னும் நிறைய ஆட்டம் ஆடினால் சரியாகிவிடும்' என்று நினைத்துக்கொள்வார். இன்னும் நிறைய ஆட்டம் ஆடியதால்தான் இந்தக் கதி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பாஸ்கெட்பாலைத் தொடாமல் ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்துத் தூங்கியிருந்தால் 680 டாலர் மிச்சம்.

பி.காமில் டிபார்ட்மென்டல் அக்கவுண்ட்ஸ் என்று ஒரு பாடம் வரும். ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவு லாபமா, ரெடிமேட் பிரிவு நஷ்டமா என்று தனித்தனியாகக் கணக்கு எழுதுவது. மொத்தக் கணக்கு மட்டும் பார்க்கிற முதலாளி, புடவையில் சம்பாதித்ததை ரெடிமேடில் விடுகிறார் என்பது கடையை மூடும்வரை தெரியாது. ஹேண்டிகேப்பருக்கு வால்டர்ஸின் ஸ்டார் முறைக்கு முன்னால் வேண்டியது இதுதான். விளையாட்டுக்கு ஒரு நோட்டு. விளையாட்டுக்கு ஒரு கைமுதல். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பாலில் விட்டதை அன்று ராத்திரியே பாஸ்கெட்பாலில் எடுக்கப் போகிறவருக்கு ஒரே நோட்டு, ஒரே பை. அது பைத்தியத்தில் முடியும்.

ஒரு வார இறுதியில் நான்கு விளையாட்டிலுமாக 30 பந்தயம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஸ்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் கைமுதலில் 30 சதவிகிதம் வெளியே இருக்கிறது. ஒவ்வொரு செலவும் சின்னதுதான் என்று சொல்லிச் சொல்லியே மாதக் கடைசியில் கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்து மயங்கி விழுகிறோமே, அதே சமாச்சாரம்.

* * *

இந்தப் புத்தகத்தில் வால்டர்ஸ் சொல்லாமலே சொல்லிவிட்ட ஒரு பாடம் இருக்கிறது. அது கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கெல்சனைப் பற்றிய பகுதி. இருவரும் சில வருடம் பந்தயக் கூட்டாளிகள். பிறகு பிரிந்தார்கள், பகை. ஆகவே கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் படிக்கவேண்டும். வால்டர்ஸ் தரும் கணக்குப்படி மிக்கெல்சன் 2011-ல் மட்டும் கட்டிய பந்தயங்கள் 3,154. நாளைக்கு ஏறக்குறைய ஒன்பது. அந்த வருடம் ஜூன் 22-ம் தேதி ஒரே நாளில் பேஸ்பாலில் மட்டும் 43 பந்தயம். நஷ்டம் 1,43,500 டாலர்.

எல்லாரும் அந்த டாலர் தொகையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். எனக்குத் தேதிதான் உறுத்தியது. ஜூன் 22. அந்த வருடம் பாஸ்கெட்பாலும் ஹாக்கியும் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஃபுட்பால் செப்டம்பரில்தான். மிச்சம் இருந்தது பேஸ்பால் ஒன்று. 30 அணிகள் என்றால் ஒரு நாளைக்குச் சாதாரணமாக 15 ஆட்டம். அதில் 43 பந்தயம்!

ஆக, பிரச்னை சீஸன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது மட்டும் இல்லை. விழாத மாதத்தையும் தாங்க முடியாமல் போவது. அக்டோபரில் நாளைக்குப் பத்து முடிவு எடுத்துப் பழகிய கை, ஜூன் மாதத்தில் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. நிறைய ஆட்டம் இருந்த காலத்தின் வேகத்தை, கொஞ்சம் ஆட்டம் இருக்கிற காலத்திலும் எதிர்பார்க்கிறது. மிக்கெல்சன் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். ரைடர் கோப்பையில் அவர் பந்தயம் கட்டப் பார்த்தார் என்று வால்டர்ஸ் எழுதியதை அவர் மறுத்தார். ஆனால் தன் சூதாட்டம் எல்லை மீறி அடிமைத்தனமாகிவிட்டது என்பதை 2023 செப்டம்பரில் அவரே பகிரங்கமாக எழுதினார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

சரி, வால்டர்ஸ் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தார்? அவரும் ஒரு விளையாட்டோடு நிற்கவில்லையே?

புத்தகத்தை உற்றுப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. அவர் ஒரு ஆள் இல்லை. ஒரு கம்பெனி. கணிப்பதற்குத் தனித்தனி நிபுணர்கள். காயம், பயணம், வானிலை என்று தகவல் திரட்ட ஆட்கள். தன் பெயரைக் காட்டாமல் பணம் கட்ட வேறு ஆட்கள். நடுவில் உட்கார்ந்து எவ்வளவு கட்டுவது என்று முடிவு செய்தவர் வால்டர்ஸ். பாஸ்கெட்பாலைப் பார்ப்பவர் ஃபுட்பாலுக்காகக் கண் விழிக்கவேண்டியதில்லை. அப்படியும்கூடக் குடியும் வீட்டைக் கவனிக்காமல் விட்டதும் தன் வாழ்க்கையில் செய்த சேதத்தை அவர் மறைக்கவில்லை. அந்தப் பக்கங்களில் அவர் நேர்மையாக இருக்கிறார்.

என் புகார் இதுதான். கம்பெனி செய்த வேலையை, தனியாளுக்கான பாடமாகக் கொடுத்திருக்கிறார். கல்யாண சமையல் கான்ட்ராக்டர், இரண்டாயிரம் பேருக்கான சாம்பார் ரகசியத்தைச் சொல்லித் தருகிற மாதிரி. ரகசியம் நிஜம்தான். ஆனால் அவரிடம் வெட்ட, அரைக்க, கிளற, பரிமாற முப்பது பேர் இருந்தார்கள். உங்களிடம் இருப்பது ஒரு மிக்ஸி.

தனியாளுக்கு வேண்டிய பாடம் வேறு. முதலில், வருடத்துக்கு ஒரு விளையாட்டு தாய் வீடு. மிஞ்சினால் இன்னொன்று, அதுவும் மாதம் மோதாத விளையாட்டு. ஃபுட்பால்காரருக்குப் பேஸ்பாலின் மே, ஜூன் ஒத்துவரும். பாஸ்கெட்பாலின் நவம்பர் வராது. அடுத்தது, களைப்பை அளக்க ஒரு கோல். வெற்றி தோல்வி அந்தக் கோல் இல்லை. நூறு ஆட்டத்தில் அதிர்ஷ்டமே எதையும் மறைத்துவிடும். தேர்ந்த பந்தயக்காரர்கள் பார்ப்பது கடைசி விலையை. நீங்கள் செவ்வாய்க்கிழமை இரண்டரை பாயிண்ட் வித்தியாசத்தில் கட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆரம்பிக்கும்போது அதே அணிக்குப் புக்கி மூன்றரை சொல்கிறார். அப்படியானால் ஊருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருந்தது. தோற்றாலும் பரவாயில்லை, மூளை வேலை செய்கிறது. விலை நாலு வாரமாக உங்களுக்கு எதிராகவே நகர்கிறதா? ஜெயித்துக்கொண்டிருந்தாலும் கடையைச் சாத்துங்கள். மூளை தூங்க ஆரம்பித்துவிட்டது. பர்ஸுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் போனைத் தேடவேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அமெரிக்காவிலோ 2018 மே மாதம் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு 30-க்கும் அதிகமான மாநிலங்கள் கதவைத் திறந்துவிட்டன. அதற்கு முன்பு முறையாகக் கட்டவேண்டும் என்றால் நெவாடாவுக்குப் போகவேண்டும். அந்தப் பயணமே ஒரு வேகத்தடை. இப்போது வேகத்தடையை ஆளாளுக்குத் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வகையில் 'கேம்ப்ளர்' சரியான சமயத்தில் வந்த புத்தகம். எவ்வளவு கட்டுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாத்தியார் கிடைப்பது கஷ்டம். எப்போது கட்டாமல் இருப்பது என்பதற்கு வேறு வாத்தியாரைத் தேடவேண்டும்.

ஜூலை நடுவில் பேஸ்பாலுக்கு ஆல் ஸ்டார் இடைவேளை வரும். அந்த ஆட்டத்துக்கு மறுநாள், வழக்கமாக, இந்த நான்கு லீகிலும் ஒரு ஆட்டம்கூடக் கிடையாது. ஹேண்டிகேப்பருக்கு காலண்டர் தானாகக் கொடுக்கிற மிகச் சில லீவு நாட்களில் அது ஒன்று. மற்ற லீவையெல்லாம், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, அவர்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.